பேரிஜம் ஏரிக்குப் போறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள் (கொடை ஏரி, மன்னவனூரும் சேர்த்து)

சீசன் வந்துட்டா போதும், சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா மொத்தமா எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு. எனக்கு ஊர் பெரியகுளம், கொடை மலைக்கு நேர் அடிவாரம். அதனால ஏரியைப் பத்தி சொல்றப்ப கூடவே தண்ணியைப் பத்தியும் சொல்லுவேன், பொறுமையா படிங்க.

பேரிஜம் எங்க இருக்கு? கொடைக்கானல் ஏரியும் அதுவும் ஒண்ணா?

இல்லங்க, ரெண்டும் வேற வேற. டவுன் நடுவுல போட் விடுறாங்களே, நட்சத்திர ஏரின்னு சொல்வாங்க, அது கொடை ஏரி. பேரிஜம் அங்கேருந்து 20 கிலோமீட்டருக்கு மேல காட்டுக்குள்ள போகணும், தூண் பாறைக்குப் போற அதே பக்கம்தான், மோயர் பாயிண்ட்கிட்ட செக்போஸ்ட் வரும், அதைத் தாண்டினா முழுக்க வனத்துறை இடம். கடை கிடையாது, லாட்ஜ் கிடையாது, போட் கிடையாது, போன் சிக்னலை நம்பிப் போகாதீங்க. சுத்தி சோலைக்காடு, பைன் மரம், நடுவுல சத்தமே இல்லாம தண்ணி, அவ்வளவுதான் அந்த இடம். அது போதும்னு நினைக்கிறவங்களுக்கு அதைவிட நல்ல இடம் இந்த மலையில இல்லைன்னு நான் தைரியமா சொல்வேன். போட்டிங், குதிரை, மிளகாய் பஜ்ஜி எல்லாம் வேணும்னா டவுன் ஏரியே போதும், அங்க போயி சந்தோஷமா இருந்துட்டு வாங்க, அதுலயும் ஒண்ணும் தப்பில்ல.

இது தானா உண்டான ஏரியா, கட்டினதா?

ரெண்டுமே கரை போட்டு தேக்கினதுதான். கொடை ஏரியை 1863-ல மதுரை கலெக்டரா இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பு மாதிரி இருந்த பள்ளத்துல ஓடையை மறிச்சு உண்டாக்கினார். கிட்டத்தட்ட 60 ஏக்கர், சுத்தி வந்தா 5 கிலோமீட்டர். பேரிஜமும் முதல்ல சதுப்பு நிலம்தான். 1860-கள்ல இந்த மலையை அளந்து குறிப்பு எழுதின டக்ளஸ் ஹாமில்டன்ங்கிற ராணுவ அதிகாரி அங்க தங்கி இருந்தார், அதனால அந்த இடத்துக்கு ஹாமில்டன் கோட்டைன்னே பேர் இருந்துச்சு, ஆனா கோட்டைன்னு தேடிப் போனா எதுவும் இருக்காது. பின்னாடிதான் கரை கட்டி தண்ணியைத் தேக்கினாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, சதுப்புல தேங்குற தண்ணி மழை பெஞ்சு அப்படியே வழிஞ்சு வந்த தண்ணி இல்ல. சுத்தி இருக்குற சோலையும் புல்வெளியும் கொஞ்சம் கொஞ்சமா விடுற தண்ணி. காடு போனா ஏரியும் போயிடும்.

உள்ள போக பர்மிஷன் எப்படி வாங்குறது?

வனத்துறை பர்மிட் கட்டாயம். கொடைக்கானல் வனத்துறைகிட்ட வாங்கணும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டின்னு அளவு வெச்சிருக்காங்க, அதனால காலையிலயே போயிடுங்க, பத்து மணிக்கு டிபன் சாப்பிட்டுட்டு நிதானமா கிளம்பினா அன்னிக்கு கிடைக்காம போக நிறைய வாய்ப்பு இருக்கு. கட்டணமும் நேரமும் அப்பப்ப மாறுது, அதனால நான் எழுதி நீங்க அதை நம்பி வர வேணாம், முந்தின நாள் சாயங்காலமே ரூம் எடுத்த இடத்துல இல்லன்னா டாக்சி ஸ்டாண்டுல கேட்டுக்கோங்க, அவங்களுக்கு அன்னன்னிக்கு நிலவரம் தெரியும்.

இன்னொண்ணு, பேரிஜம் பக்கம் யானை நடமாட்டம் இருந்தா திடீர்னு மூடிடுவாங்க. ஒரு நாளும் மூடலாம், ஒரு வாரமும் மூடலாம். அப்ப போயி ரேஞ்சர்கிட்ட சண்டை போடாதீங்க, தெரிஞ்ச ஆள் பேரைச் சொல்லி உள்ள நுழையப் பாக்காதீங்க. யானைக்கு அது வீடு, நாம ரெண்டு மணி நேரம் பாத்துட்டு வர்ற ஆளுங்க.

இ-பாஸ் வேற வேணுமா?

ஆமா, அது தனி. சென்னை ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-லேருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேக்குறாங்க. அரசு இணையதளத்துல போன் நம்பர், வண்டி நம்பர், வர்ற தேதி கொடுத்தா வந்துடும், காசு கிடையாது. ஏப்ரல், மே, ஜூன்ல வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு வெச்சாங்கன்னா கடைசி நேரத்துல கிடைக்காது, முன்னாடியே போட்டுடுங்க. கவர்ன்மெண்ட் பஸ்ல வந்தா இந்தத் தொல்லையே இல்ல.

எந்த ரூட்ல ஏறுறது நல்லது? குழந்தைக்கு வாந்தி வருமே?

மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தா வத்தலகுண்டு வழி, கோயம்புத்தூர், திருப்பூர் பக்கமிருந்து வந்தா பழனி வழி. ரெண்டும் பெருமாள்மலையில சேரும். ட்ரெயின்ல வர்றவங்க கொடை ரோடு ஸ்டேஷன்ல இறங்கணும், ஆனா ஸ்டேஷன் பேரைப் பாத்துட்டு பக்கத்துலதான்னு நினைச்சுடாதீங்க, அங்கேருந்து மலைக்கு 80 கிலோமீட்டர் வாக்குல இருக்கு. மதுரையில ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நேரா கொடைக்கு பஸ் உண்டு, நாலு மணி நேரம் கிட்ட ஆகும்.

எனக்குப் பிடிச்சது வத்தலகுண்டு வழிதான். டம்டம் பாறையில நிறுத்தினா எதிர் மலையில தலையாறு அருவி தெரியும், எலிவால் அருவின்னும் சொல்வாங்க, மழைக்குப் பிறகு வந்தா ஒரே வெள்ளைக் கோடா 900 அடிக்கு மேல விழுறது தெரியும். அதுக்கு மேல பண்ணைக்காடு ஊத்துன்னு ஏறி பெருமாள்மலை, அதுக்குப் பிறகு வெள்ளி நீர்வீழ்ச்சி. அந்த வெள்ளி நீர்வீழ்ச்சியில விழுறது கொடை ஏரியிலேருந்து வழிஞ்சு வர்ற தண்ணிதான், நிறைய பேருக்கு இது தெரியாது, அது பாக்க அழகா இருக்கேன்னு குடிக்காதீங்க.

வாந்திக்கு: அடிவாரத்துல வயிறு முட்ட பரோட்டா சாப்பிடாதீங்க, ரெண்டு இட்லி போதும். குழந்தையை முன் சீட்டுல வெச்சு வெளிய பாக்க விடுங்க, கையில போன் கொடுக்காதீங்க, ஒரு எலுமிச்சம்பழம் வெச்சுக்கோங்க. டிரைவர்கிட்ட வளைவுல மெதுவா போகச் சொல்லுங்க, அதுதான் முக்கியம்.

எந்த மாசம் வரலாம்?

மே மாசம்தான் சீசன், பிரையண்ட் பூங்காவுல மலர் கண்காட்சி நடக்கும், ஏரிச்சாலையில நடக்கக்கூட இடம் இருக்காது. முடிஞ்சா மே மாசத்தைத் தவிர்த்துடுங்க. ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் சாரல், மேகம் வந்து மூடும், அரை மணி நேரத்துல விலகும், திரும்ப மூடும். பேரிஜத்தை அந்த மாதிரி பாக்குறது தனி அனுபவம், ஆனா மேகம் மூடிட்டா எதையும் பாக்காமலே திரும்பி வர வேண்டியிருக்கும், அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. அக்டோபர்லேருந்து டிசம்பர் பாதி வரைக்கும் வடகிழக்கு பருவமழை, இந்த மலைக்கு நல்ல மழை அதுலதான், மண்சரிவும் மரம் விழுறதும் அப்பதான். 2018 நவம்பர்ல கஜா புயல் இந்த மலை மேலயும் ஏறி வந்து ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்துச்சு. அதனால புயல் எச்சரிக்கை இருந்தா ரூம் காசு போனாலும் பரவாயில்ல, வராதீங்க.

டிசம்பர் கடைசியிலேருந்து பிப்ரவரி வரைக்கும் ராத்திரி உறைபனி. ஐரோப்பா மாதிரி ஏரி உறைஞ்சு போகாது, ஆனா விடிகாலையில புல்லு மேல வெள்ளையா உப்பு தூவின மாதிரி படிஞ்சிருக்கும், வெயில் ஏறினதும் போயிடும். என்னைக் கேட்டா ஜனவரிதான் பேரிஜத்துக்கு சரியான மாசம். மழைத்தண்ணி நிறைஞ்சு நிக்கும், வானம் தெளிவா இருக்கும். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் எடுத்துக்கோங்க, 7000 அடி உயரம், சும்மா இல்ல.

வழியில என்னென்ன பாக்கலாம்?

மோயர் பாயிண்ட், அப்புறம் தொப்பி தூக்கும் பாறை, அமைதிப் பள்ளத்தாக்கு, மதிகெட்டான் சோலை, கடைசியில ஏரி மேலிருந்து தெரியுற வியூ பாயிண்ட். மோயர்ங்கிறவர் வனத்துறை அதிகாரி, 1920-கள்ல பேரிஜத்துக்கு ரோடு போட்டப்ப இருந்தவர், அவர் நினைவா ஒரு தூண் அங்க இருக்கு. தொப்பி தூக்கும் பாறையில பள்ளத்துலேருந்து காத்து மேல அடிக்கும், தொப்பியை வீசினா திரும்பி வரும்னு சொல்வாங்க. சரி, தொப்பி பரவாயில்ல, சிப்ஸ் கவரை வீசிப் பாக்குறவங்களும் இருக்காங்க, அது திரும்பி வர்றதில்ல, கீழ சோலைக்குள்ளதான் போயி விழுது, தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க.

மதிகெட்டான் சோலைக்குள்ள போனா வழி தெரியாம புத்தி கலங்கிடும்னு பழைய பேச்சு. உள்ள இறங்கக் கூடாது, வெளியிலேருந்து பாருங்க. மரமெல்லாம் குட்டையா, மேல குடை மாதிரி மூடி, தண்டு முழுக்க பாசியும் பெரணியும் படிஞ்சு, பகல்லயே இருட்டா இருக்கும். ஒரு ரெண்டு நிமிஷம் பேசாம நில்லுங்க, தண்ணி சொட்டுற சத்தம் கேக்கும்.

ஏரியில இறங்கலாமா? காலை மட்டும் நனைச்சுக்கலாமா? பக்கத்துல சமைச்சு சாப்பிடலாமா?

இறங்கக் கூடாது, சமைக்கக் கூடாது, சோப்பு போட்டு கை கழுவக்கூட கூடாது. இதுக்கு மட்டும் நான் கொஞ்சம் நீளமா பதில் சொல்லுவேன், மன்னிச்சுக்கோங்க.

பேரிஜத்துல இருக்குற தண்ணி எங்க போகுதுன்னு யாருமே கேக்குறதில்ல. அது காட்டோடை வழியா கீழ இறங்கி வராக நதிக்கு வந்து சோத்துப்பாறை அணையில சேருது, 126 அடி அணை, அங்கேருந்துதான் பெரியகுளத்துக்கு குடிதண்ணி. எங்க வீட்டுக் குழாயில வர்ற தண்ணி. வயலுக்குப் போற தண்ணியும் அதுதான். மேல மழை இல்லைன்னா எங்க ஊர்ல நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணி விடுவாங்க, மேல நல்லா பெஞ்சா ஆத்துல சத்தம் கேக்கும், ஊரே பாலத்துல நின்னு வேடிக்கை பாக்கும். வயசானவங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க. நீங்க அங்க ஒரு பிரியாணி பொட்டலத்தைப் பிரிச்சு சாப்பிட்டு கையைக் கழுவிட்டு இலையையும் டப்பாவையும் கரையிலயே விட்டுட்டு வந்தா, அது உங்களுக்கு ஒரு பிக்னிக், எங்களுக்கு அது குடிக்கிற தண்ணி.

கும்பக்கரை அருவியும் அப்படித்தான், கொடை மலையில வட்டக்கானல் பக்கமிருந்து வர்ற பாம்பாறுதான் அங்க விழுது. மேல ஒரு சின்ன ஓடையில போடுற குப்பை கீழ குளிக்கிறவங்க தலையில வந்து விழுது. மலையில இருக்குற ஏரியெல்லாம் மேல உள்ளவங்களுக்கு வியூ, கீழ உள்ளவங்களுக்கு சோறு தண்ணி, இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு வந்தீங்கன்னா வேற எந்த ரூலும் நான் சொல்லத் தேவையில்ல.

தண்ணிக்கு ரொம்பப் பக்கத்துல போகாதீங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, ஓரமெல்லாம் சதுப்பு, பாக்க புல்தரை மாதிரி இருக்கும், கால் வெச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போயிடும்.

பைன் காடு, தைல மரக் காடு எல்லாம் பச்சையாத்தானே இருக்கு, இயற்கைதானே?

இந்தக் கேள்வி கேட்டவங்களுக்கு நன்றி. பச்சையா இருக்குறது எல்லாம் இந்த மலையோட காடு இல்லங்க. பைன், யூகலிப்டஸ், வாட்டில் மூணுமே வெளியிலேருந்து கொண்டாந்து வெச்சது. வாட்டில் பட்டை தோல் பதனிட, யூகலிப்டஸ் கூழுக்கும் விறகுக்கும், அப்படி ஒவ்வொரு காரணம் சொல்லி நட்டாங்க. எங்க நட்டாங்கன்னா புல்வெளியில. மரம் இல்லாத இடம்னா சும்மா கிடக்குற நிலம்னு வெள்ளைக்காரங்க காலத்துலேருந்தே ஒரு நினைப்பு. ஆனா இந்த உயரத்துல மேட்டுல புல்வெளி, பள்ளத்துல சோலை, ரெண்டும் சேர்ந்ததுதான் காடு. மழை பெய்யுறப்ப புல்லோட வேரும் சோலையோட மக்கின இலையும் தண்ணியை இழுத்து வெச்சுக்கும், அப்புறம் கோடை முழுக்க கொஞ்சம் கொஞ்சமா ஊத்தா விடும். அதனாலதான் ஏப்ரல்லயும் ஓடையில தண்ணி ஓடுது.

வாட்டில் ஒரு தடவை வந்துட்டா போகாது, வெட்டினா துளிர்க்கும், எரிஞ்சா விதை முளைக்கும். பழனி மலையில 40 வருஷத்துல புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு சாட்டிலைட் படம் வெச்சு பாத்த ஒரு ஆய்வு 2018-ல வந்துச்சு. அதைப் படிச்சதுலேருந்து பைன் காட்டுல நின்னு போட்டோ எடுக்க எனக்கு மனசு வர்றதில்ல. நீங்க எடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா கீழ குனிஞ்சு தரையைப் பாருங்க, காஞ்ச ஊசி இலையைத் தவிர ஒரு செடி கொடி அதிகம் இருக்காது. அதே கண்ணோட ஒரு சோலை ஓரமா போயி பாருங்க, ஒரு அடி இடத்துல எத்தனை வகை செடி இருக்குன்னு எண்ணவே முடியாது. புல்வெளி ஓரத்துல செக்கச்செவேல்னு பூத்து நிக்குற மரம் தெரிஞ்சா அது காட்டுப் பூவரசு, இந்த மலையோட சொந்தப் பிள்ளை.

விலங்கு வருமா? பயப்படணுமா?

காட்டு மாடு டவுனுக்குள்ளயே வரும், ராத்திரி ஏரிச்சாலையில நடந்து போறப்பக்கூட எதிர்ல நிக்கும். பாக்க சாதுவா மேய்ஞ்சுகிட்டு இருக்கும், கிட்டப் போயி செல்பி எடுக்கப் போனவங்களை முட்டித் தூக்கியிருக்கு. தள்ளி நில்லுங்க, அது போகட்டும், அப்புறம் நீங்க போங்க. கருமந்தி சோலைக்குள்ள இருக்கும், ஊர்க் குரங்கு வண்டிக்குள்ள கையை விடும், சாப்பாடு எதுவும் கொடுக்காதீங்க. பறவை பாக்குறவங்களுக்கு ஒரு தகவல், இந்த மலை பேர்லயே ஒரு குருவி இருக்கு, பழனி சிரிப்பான், முதல்ல சத்தம்தான் கேக்கும், புதர்ல கவனமா பாத்தா தெரியும். மழைக்காலத்துல அட்டை கடிக்கும், பிடுங்காதீங்க, உப்பு வெச்சா விட்டுடும்.

பர்மிட் கிடைக்கல, வேற எங்க போறது?

மன்னவனூர் போங்க. டவுன்லேருந்து 35 கிலோமீட்டர் வாக்குல, வழியில பூம்பாறை வரும், மேல நின்னு பாத்தா படிப்படியா பூண்டு, கேரட், உருளைத் தோட்டம், நடுவுல ஊர், குழந்தை வேலப்பர் கோயில். அந்தச் சிலை போகர் செஞ்சதுன்னு ஊர்க்காரங்க நம்பிக்கை. மன்னவனூர் ஏரி திறந்த புல்வெளி நடுவுல இருக்கு, வனத்துறை பரிசல் விடுறாங்க, பக்கத்துல மத்திய அரசோட செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கு, பாரத் மெரினோ ஆடு பாக்கலாம், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கூக்கால் ஏரியும் அந்தப் பக்கம்தான், கூட்டம் கம்மி, சின்ன ஊர், ஊர்க்காரங்களுக்குத் தொந்தரவு இல்லாம பாத்துட்டு வாங்க. பஸ்சும் உண்டு ஆனா குறைவு, திரும்பி வர்ற பஸ் எத்தனை மணிக்குன்னு கண்டக்டர்கிட்ட இறங்குறப்பவே கேட்டுக்கோங்க.

கொடை ஏரியில மீன் பிடிச்சு சாப்பிடலாமா?

நான் சாப்பிட மாட்டேன். கொடையில இருந்த தெர்மாமீட்டர் பேக்டரி பாதரசக் கழிவுப் பிரச்சினையில 2001-ல மூடினாங்க, அதுக்கப்புறம் ஏரித் தண்ணியையும் மீனையும் சோதிச்சப்ப பாதரசம் இருந்துச்சு. சுத்துவட்டாரக் கழிவுநீரும் அந்த ஏரிக்குத்தான் வந்துச்சு. அதனால போட்ல போங்க, காலையில ஆறரைக்கு எந்திரிச்சு ஏரியைச் சுத்தி நடங்க, அந்த நேரத்துல அது உண்மையிலயே அழகு.

பேரிஜம் வழியா மூணாறு போக முடியுமா? மேப்ல ரோடு காட்டுதே?

பழைய ரோடு ஒண்ணு இருந்துச்சு, எஸ்கேப் ரோடுன்னு சொல்வாங்க, 1990 வாக்குல மூடிட்டாங்க, இப்ப அது காடு. மேப்பை நம்பி செக்போஸ்ட்ல வாக்குவாதம் பண்ணாதீங்க. கீழ இறங்கி தேனி, போடி, போடிமெட்டு வழியா போங்க, அந்த வழியும் நல்லாத்தான் இருக்கும்.

குறிஞ்சி எப்ப பூக்கும்?

12 வருஷத்துக்கு ஒரு தடவை. 2006-ல பூத்துச்சு, 2018-ல பூத்துச்சு, அடுத்து 2030. நடுவுல அங்கங்க கொஞ்சம் பூக்குறது வேற வகையா இருக்கும், இல்லன்னா வேற வருஷக் கணக்குல பூக்குற செடியா இருக்கும். குறிஞ்சி ஆண்டவர் கோயில் எப்ப வேணா போகலாம், அங்கேருந்து பழனி கோயிலும் சமவெளியும் தெரியும், வானம் தெளிவா இருக்கணும்.

அப்பா அம்மாவை கூட்டிட்டு வரலாமா? அம்மாவுக்கு முட்டி வலி.

தாராளமா. பேரிஜத்துல வண்டி ஏரிகிட்ட வரைக்கும் போகும், பெருசா நடை இல்ல. ஆனா ஆஸ்துமா, இருதயப் பிரச்சினை இருக்குறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, குளிர்ல மூச்சு இழுக்கும். மாத்திரையை ரூம்ல வெச்சுட்டு வராதீங்க, உள்ள ஒரு மெடிக்கல் ஷாப்பும் கிடையாது. டாய்லெட் போறதெல்லாம் டவுன்லயே முடிச்சுக்கறது நல்லது.

என்ன வாங்கிட்டுப் போறது?

மலைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, வாசனையே தனி, காரமும் ஜாஸ்தி, ரொம்ப நாள் கெடாது. பூம்பாறையில விளைவிக்கிறவங்ககிட்டயே வாங்குங்க, பேரம் பேசாதீங்க, அந்தச் சரிவுல நின்னு களை எடுக்குறதைப் பாத்தீங்கன்னா பேச மாட்டீங்க. சீசனுக்கு பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ப்ரூட் கிடைக்கும்.

தண்ணி பாட்டில், சாப்பாடு எடுத்துட்டு வரலாமா?

5 லிட்டருக்குக் கீழ உள்ள பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொடையில தடை, செக்போஸ்ட்ல பாத்தா எடுத்துடுவாங்க, அபராதமும் உண்டு. வீட்டுலேருந்து எவர்சில்வர் பாட்டில்ல கொண்டாந்துடுங்க. பேரிஜம் போற அன்னிக்கு சாப்பாட்டை டிபன் பாக்ஸ்ல கட்டிக்கோங்க, காட்டுக்குள்ள பிரிக்காதீங்க, செக்போஸ்ட்டுக்கு வெளிய வந்து சாப்பிடுங்க. வண்டியில ஒரு துணிப்பை தனியா வெச்சுக்கிட்டு மிட்டாய் கவர், ஆரஞ்சுத் தோல் வரைக்கும் அதுலயே போட்டு, டவுனுக்கு வந்து நகராட்சித் தொட்டியில போடுங்க. எப்படியும் காலி வயித்தோட வெளிய வருவீங்க, வர்ற வழியில சுட்ட சோளம் கிடைக்கும், சூடா ஒரு டீயும் குடிச்சுக்கோங்க.